ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? எரிபொருட் சிக்கனம் பற்றிய கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாகக் கராச் நடத்தி வருகிறேன். என்னிடம் வாகனம் கொண்டு வருபவர்கள் பழுதைச் சொல்லி முடித்ததும் தவறாமல் கேட்பது, "ஐயா, இது பெற்றோல் கூடக் குடிக்கிறது, என்ன செய்யலாம்?" என்பதுதான். எரிபொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (கோண்டாவில்): என்னிடமும் நண்பரிடமும் ஒரே வகைச் சிறிய கார் இருக்கிறது. நாள்தோறும் கிளிநொச்சிக்குச் சென்று வரும் அவருக்கு லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் கிடைக்கிறதாம். நகருக்குள் ஓடும் எனக்குப் பதினான்குதான் கிடைக்கிறது. என் வாகனத்தில் பிழை இருக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இராது. கண்டி வீதியில் ஒரே சீராக ஓடும் வாகனத்தையும், சந்திக்குச் சந்தி நின்று புறப்படும் வாகனத்தையும் ஒப்பிடுவது நியாயமன்று. உங்கள் வாகனத்தை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். தாங்கியை நிரப்பி, பம்பியின் விசை முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, தூரமானியைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். குறைந்தது இருநூறு கிலோமீற்றராவது ஓடியபின் அதே நிலையத்தில் அதே முறையில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லீற்றரால் வகுத்துப் பாருங்கள். இதை மூன்று முறை செய்து கொப்பியில் எழுதி வையுங்கள். எரிபொருள் முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கை நான் கணக்காக எடுப்பதில்லை.

கேள்வி (திருநெல்வேலி): காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடப் பலாலி வீதியால் போகிறேன். அந்த நெரிசலில் ஓட்டும் முறையை மாற்றுவதால் உண்மையில் ஏதும் மிஞ்சுமா?

பதில்: மற்ற எல்லாவற்றையும் விட இதனால்தான் அதிகம் மிஞ்சும். வாகனத்தை வேகமெடுக்க வைக்க நீங்கள் செலவழித்த பெற்றோலைப் பிறேக் வெறும் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தேவையற்ற பிறேக்கும் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளைக் கொட்டுவதற்குச் சமம். நெரிசலில் திடீரென வேகமெடுத்துத் திடீரென நிறுத்தி ஓட்டுவதால் எரிபொருட் சிக்கனம் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கணித்திருக்கிறது. எனவே பார்வையை முன்னால் நிற்கும் வாகனத்தின் பின்விளக்கில் மட்டும் வைத்திராமல், அதற்கு அப்பாலும் செலுத்துங்கள். சந்தைக்கு முன்னால் பேருந்து நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடனேயே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டால், நீங்கள் அங்கே சேரும்போது அது புறப்பட்டிருக்கும். முற்றாக நிற்க வேண்டிய தேவையே வராது. பாடசாலை வாசலில் பத்து நிமிடம் காத்திருப்பதானால் இயந்திரத்தை நிறுத்துங்கள். மீண்டும் கிளப்புவதற்கு ஏறத்தாழப் பத்து விநாடி ஓடவிடும் அளவு பெற்றோல்தான் செலவாகும்.

2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்காகக் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்ற நாட்களில் இதையெல்லாம் நம்மவர்கள் யாரும் சொல்லாமலே செய்தார்கள். பங்கீடு நீங்கியதும் கால் பழையபடி கனத்துவிட்டது.

கேள்வி (சுன்னாகம்): பழைய ஒஸ்ரின் கார் வைத்திருந்த என் தகப்பனார் எப்போதும் நியூட்ரலில் உருளவிட்டே சந்திக்கு வருவார். புதிய காரிலும் நான் அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். தகப்பனாருடைய வாகனத்தில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றர் இருந்தது. காலை எடுத்தாலும் அது கொஞ்சம் எரிபொருளை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். இன்றைய வாகனங்களில் எரிபொருளைப் பீச்சும், கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்ரர்கள் உள்ளன. வாகனம் கியரில் இருக்கையில் அக்சிலேற்றரை விட்டால், இயந்திரம் போதிய வேகத்தில் சுழலும் வரை அவை எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இயந்திரம் தானாகச் சுழல வேண்டியிருப்பதால் மறுபடி எரிபொருள் செலவாகும். அவசரத்தில் வாகனத்தின் மீதுள்ள பிடியும் குறையும்.

காற்று வடிகட்டியின் (எயார் பில்ரர்) கதையும் இவ்வாறே. பழைய காரில் வடிகட்டி அடைபட்டால் பெற்றோல் செலவு கூடும். புதியதில் இழுவை குறையுமே தவிர எரிபொருட் கணக்கு பெரிதாக மாறாது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்களிடம் கற்ற பாடங்களை இன்றைய இயந்திரங்களிடம் அப்படியே ஒப்புவிக்க முடியாது.

கேள்வி (வேலணை): தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் ஊருக்குப் போகும்போது கார் இழுக்க மறுக்கிறது. திரும்பி வரும்போது நன்றாக ஓடுகிறது. இதனால் பெற்றோலும் வீணாகுமா?

பதில்: ஆம், வீணாகும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வது. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் உங்களை நேரெதிராக 25 கிலோமீற்றர் வேகக் காற்று தாக்கினால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 85 இல் போகிறீர்கள். தடை ஏறக்குறைய இருமடங்காகிறது. மறைப்பெதுவும் இல்லாத அந்தக் கடல்வழியில் வேகத்தை 45 ஆகக் குறைத்தால் இழப்பதெல்லாம் ஓரிரு நிமிடங்களே. கண்டி வீதியிலும் இதே கணக்குத்தான்: 70 இல் இருந்து 100 க்கு ஏறினால் காற்றுத் தடை இருமடங்காகும். வவுனியா வரையான சுமார் 140 கிலோமீற்றரில் அதனால் மிஞ்சுவது கூடினால் முப்பத்தாறு நிமிடம். இடையிலுள்ள ஊர்களில் வேகத்தைக் குறைத்தேயாக வேண்டும் என்பதால் அதுவும் முழுதாக மிஞ்சாது. 70 க்கு மேல் போனால் பொலிஸாருக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் கூரையிலுள்ள பொதி தாங்கியைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): ஏசியைப் போடுவதா, கண்ணாடியைத் திறப்பதா?

பதில்: ஊருக்குள் மெதுவாக ஓடும்போது கண்ணாடியைத் திறக்கலாம், நெடுவழியில் கண்ணாடியை மூடி ஏசியைப் போடலாம். கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏசி எரிபொருட் சிக்கனத்தைக் கால் பங்குக்கு மேலாகவும் குறைக்கக்கூடும். வேப்பமர நிழலில் நிறுத்தி, ஏறியதும் கண்ணாடிகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிய பின்னர் ஏசியைப் போட்டாலே அதன் வேலை குறையும்.

கேள்வி (மானிப்பாய்): எங்களுடையது பெற்றோலிலும் மின்கலத்திலும் ஓடும் ஹைபிறிட் கார், ரொயோற்றா அக்குவா. இதில் 'பி' (B) கியரில் ஓட்டினால் மின்கலம் அதிகம் சேமிக்கும் என்கிறார்களே?

பதில்: 'பி' நீண்ட இறக்கங்களில் பயன்படுவது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அதனால் உங்களுக்குப் பயனில்லை. பிறேக்கை மெதுவாகவும் முன்கூட்டியும் அழுத்துங்கள். அப்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பும். கடைசி நொடியில் ஓங்கி அழுத்தினால் சாதாரண பிறேக் அதை விழுங்கிவிடும். பின் இருக்கை அருகிலுள்ள காற்றுத் துவாரத்தைப் பையாலோ துணியாலோ மறைக்காதீர்கள். மின்கலம் குளிர்வது அந்தக் காற்றால்தான். நம் செம்பாட்டுப் புழுதி அங்கே படிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி (பருத்தித்துறை): ரயருக்குக் காற்றைக் கூட அடித்தால் சிக்கனமாகுமா? 95 ஒக்ரேன் பெற்றோல், எரிபொருட் குழாயில் பொருத்தும் காந்தம் என்பவை பயன் தருமா?

பதில்: சாரதிக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவே சரியான அளவு. ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவை மீறினால் பிடிமானம் குறைந்து, ரயர் நடுவில் தேயும். 92 போதுமென்று தயாரிப்பாளர் சொன்ன இயந்திரத்துக்கு 95 ஐ ஊற்றுவதால் தூரம் கூடாது. காந்தத்துக்குக் கொடுக்கும் காசில் பெற்றோல் அடியுங்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): இவை எல்லாவற்றையும் செய்தும், ஒரு மாதமாகத் தூரம் திடீரெனக் குறைந்துவிட்டது.

பதில்: படிப்படியாகக் குறைந்தால் பழக்கத்தையும், திடீரெனக் குறைந்தால் பழுதையும் தேட வேண்டும். கடற்கரையோர வாகனமாதலால் நான் முதலில் ஐயுறுவது பிறேக்கை. உப்புக் காற்றில் துருப்பிடித்து அது முழுதாக விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டிருக்கலாம். பிறேக்கை அதிகம் அழுத்தாமல் சில கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றுவிக்க வேண்டும். எதிலும் வித்தியாசமில்லாமல் முகப்பில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தால், புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் உணரியை ஸ்கானரில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.