மதியத்தில் 90 சதவீதம் 86 ஆகத் தெரிந்தால் நைட்ரோவைக் கூட்டாதீர்கள்

டிராக் ரேஸ் காருக்காகக் காலையில் சரியாக 90 சதவீதம் நைட்ரோமீத்தேனும் மீதி மெத்தனாலுமாகக் கலந்த எரிபொருள், மதியம் ஹைட்ரோமீட்டரில் 86 காட்டுகிறது, கொஞ்சம் நைட்ரோமீத்தேன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கலவை மாறவில்லை, சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹைட்ரோமீட்டர் அளப்பது அடர்த்தியை, சதவீதத்தை அல்ல. 20 டிகிரி செல்சியஸில் நைட்ரோமீத்தேனின் அடர்த்தி ஏறக்குறைய 1.14, மெத்தனால் 0.79. இரண்டும் வெப்பத்தில் நன்றாகவே விரியும். எரிபொருள் 10 டிகிரி சூடேறினாலே ஹைட்ரோமீட்டரில் நைட்ரோ சுமார் 4 சதவீதப் புள்ளி குறைவாகத் தெரியும். உங்கள் கணக்கில் விழுந்த துண்டு அதுதான். இப்போது நைட்ரோ ஊற்றினால், வெப்பத் திருத்தத்தோடு அளக்கும் பந்தயப் பரிசோதகரிடம் 90 சதவீத வரம்பைத் தாண்டி மாட்டிக்கொள்வீர்கள்.

வெப்பமானியை எரிபொருளுக்குள்ளேயே வையுங்கள். காற்றின் வெப்பம் உதவாது. மாதிரியை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குமிழிகள் அடங்கியபின் திரவ மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். பிறகு அந்த வெப்பநிலைக்கான திருத்த அட்டவணையைப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள். கேனை நிழலில் இறுக மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் மெத்தனால் முதலில் ஆவியாகும். அப்போது சதவீதம் உண்மையிலேயே ஏறிவிடும்.

இந்த வரம்பும் நிலையாக இருந்ததில்லை. அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ 1957-இல் நைட்ரோவையே தடை செய்து, 1960-களில் திரும்ப அனுமதித்தது. 2004-இல் 85 ஆக்கி, 2008-இல் மறுபடி 90 ஆக உயர்த்தியது. பழைய குறிப்பேடுகளில் 85 என்று கண்டால் குழம்ப வேண்டாம்.