கூட்டமான ஓ.பி.யில் பாடம் நடத்த முடியுமா?

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது பயிற்சி மருத்துவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- வாசகர், தேனி

பதில்: தனியாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. மாணவர் நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் பாடம் நழுவுகிறது. 'உனக்கு என்னன்னு தோணுது?' என்று முதலில் கேளுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் ஒரு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், 'எதை வச்சு சொல்றே?' மூன்று வாரமாக இருமுகிறவரைச் சாதாரண சளி என்று அவர் சொன்னால், எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் வருகிறதா என்று விசாரித்தாரா இல்லையா என்பது இந்த இரண்டாவது கேள்வியில் வெளியே வந்துவிடும். பிறகு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. சரியாகச் செய்தது எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், வெறும் 'குட்' போதாது. தவறையும் திருத்துங்கள், ஆனால் நோயாளி முன்னால் திட்டுவது வேண்டவே வேண்டாம், அது இருவருக்குமே கொடுமை. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் 1992-இல் எழுதிவைத்த முறை இது. எல்லா நோயாளியிடமும் முடியாது, காலையில் நாலைந்து பேரிடம் செய்து பாருங்கள்.