அந்தச் சத்தம் என்ன சத்தம்?

கேள்வி: எனக்கு வயது 43. பெரம்பூரில் குடியிருக்கிறோம். இறையியல் நூல்கள் படிப்பதில் ஆர்வம் அதிகம். பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டின் தன் வாழ்க்கையைச் சொல்லும் 'கன்ஃபெஷன்ஸ்' 11-ஆம் புத்தகத்தில் (பகுதியில்) நின்றுவிட்டது. சீர்திருத்தச் சபை இறையியலாளர் கால்வினின் கிறிஸ்தவ உபதேச நூல் 'இன்ஸ்டிட்யூட்ஸ்' முதல் பாகத்தையே தாண்டவில்லை. இரவு எட்டரைக்கு உட்காருவேன். அம்மாவுக்குக் கண்புரை என்பதால், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஹாலில் பாட்டிக்கு வேதம் வாசித்துக் காட்டுவாள். அந்தச் சத்தத்துக்காகக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டும் எதுவும் மனதில் நிற்பதில்லை. எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: வரிசை இருக்கட்டும் தம்பி. 'அந்தச் சத்தம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது என்ன சத்தம்? பத்து வயதுப் பிள்ளை தட்டுத்தடுமாறி வேதம் வாசிக்கிற சத்தம். அதற்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து தேவனைப் பற்றிப் படிக்கிறீர்கள்.

'கன்ஃபெஷன்ஸ்' 11-இல் நிற்பவர் 9-ஐப் படித்திருப்பீர்கள். அதில் ரோமுக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் ஒரு வீட்டு ஜன்னலோரம் தாய் மோனிக்காவும் மகன் அகஸ்டினும் நின்று, பரிசுத்தவான்களின் நித்திய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் காண்கிறது, இறந்துபோகிறார். கி.பி. 387-இல் நடந்தது. அந்தப் பக்கங்களுக்கும் கோடு போட்டிருப்பீர்கள். போட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை என்றால், எதுவும் மனதில் நிற்பதில்லை என்று நீங்கள் எழுதியது உண்மைதான்.

பிள்ளை பாட்டிக்கு வாசிப்பது நல்ல காரியம். அங்கே நீங்கள் இல்லாததுதான் தப்பு. காணிக்கையைச் சாக்குச் சொல்லித் தாய்தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது, கொர்பான் (காணிக்கை) பகுதி. பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் படிக்கிற இறையியலில் எனக்கு மரியாதை கிடையாது.

இனி எட்டரைக்கு ஹாலில் உட்காருங்கள். ஒரு அதிகாரம் பாப்பா வாசிக்கட்டும், அடுத்தது நீங்கள். பிறகு, முந்தின நாள் ஆங்கிலத்தில் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். எந்த இடத்தில் வாய் தடுமாறுகிறதோ அது உங்களுக்கே விளங்காத இடம். மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். ஆடியோ பைபிளைப் போட்டுவிடலாமே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

'கன்ஃபெஷன்ஸ்' நின்றுபோனதற்குக் காரணம் இருக்கிறது. வாழ்க்கைக் கதை 9-உடன் முடிந்துவிடுகிறது. 10 நினைவாற்றலைப் பற்றியது, 11 காலத்தைப் பற்றியது, 12-உம் 13-உம் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் விளக்கம். கதை வேகத்திலேயே தத்துவத்துக்குள் போனால் யாரும் முட்டிக்கொள்வார்கள். ஒன்பதோடு மூடி வையுங்கள். ஆதியாகமம் 1-ஐ நன்றாகப் படித்துவிட்டு 11-க்கு வாருங்கள். நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

'இன்ஸ்டிட்யூட்ஸ்' நான்கு பாகம், 80 அதிகாரம். முதல் பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டமில்லை. மூன்றாம் பாகத்தில் 6 முதல் 10 வரை கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றியது. தனிச் சிறுநூலாகவே அச்சிட்டு விற்கிறார்கள். அங்கே தொடங்குங்கள். அதை முடித்ததும் அதே பாகத்தின் 20-ஆம் அதிகாரம், ஜெபம். நீளமானது, ஒரு வாரம் ஆகும். பேனாவைத் தூர வையுங்கள். முதல் வாசிப்பில் கோடு கூடாது. அதிகாரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வரியில் சாரத்தை எழுதுங்கள். அதன் பிறகு பென்சிலால் கோடு போட்டால் பக்கத்துக்கு ஒன்றுதான் விழும்.

அப்புறம், அந்தக் கண்புரை. அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இலிருந்து இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரம். சாதாரண லென்ஸ் வைத்தால் தூரப் பார்வைதான் தெளியும். வேதம் வாசிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும், அதைச் சில வாரம் கழித்து அளவு பார்த்துக் கொடுப்பார்கள். அதுவரை சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும். அதையும் பாப்பா தலையில் கட்டிவிடாதீர்கள்.