கண்ணைக் கட்ட வேண்டாம், ஒரு துணிப்பை போதும்

கேள்வி: நாங்கள் கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. மழை, பனிமூட்டம் என்று பாதி நாள் வீட்டுக்குள்ளேதான். பொருட்களைத் தொட்டுப் பார்த்து வகை பிரிக்கப் பழக்கச் சொன்னார் அங்கன்வாடி டீச்சர். கண்ணைக் கட்டினால் அழுகிறான். கட்டாமல் கொடுத்தால் எல்லாவற்றையும் கலந்து போட்டுவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: முதலில் கண்கட்டை விட்டுவிடுங்கள் அம்மா. பயந்த பிள்ளைக்குக் கையில் இருப்பது மனதில் பதியாது. ஒரு துணிப்பைக்குள் கை மட்டும் போகட்டும். கண் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம், குளிர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உங்கள் கொடைக்கானலிலேயே தங்கியிருந்த குழந்தைக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி, தொடு பயிற்சிக்கு முன் பிள்ளைகளின் விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைக்கச் சொன்னவர். விரல் விறைத்திருந்தால் சொரசொரப்பும் வழவழப்பும் சரியாகத் தெரியாது. வெந்நீரில் கை கழுவி, துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கலந்து போடுவது, அநேகமாக ஒரே நேரத்தில் நிறையப் பொருள் கொடுப்பதால். இரண்டே வகை வையுங்கள். பழைய ஸ்வெட்டரில் வெட்டிய துண்டுகள் நாலு, பைன் காய்கள் நாலு. ஒரு தட்டில் துண்டு ஒன்று, இன்னொன்றில் காய் ஒன்று நீங்களே வைத்துவிட்டு, மிச்சத்தை அவனிடம் விடுங்கள். அவன் கை அதன் மேல் இருக்கும்போதே "மெத்துமெத்துன்னு இருக்கா?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், பாடம் வேண்டாம்.

இது கைவந்த பிறகு பைக்குள் உருளைக்கிழங்கு, கேரட், பேரிக்காய், முழுப் பூண்டு போடலாம். பூண்டை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அது நல்லதுதான், தைரியம் வரும். பிறகு எடுத்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பொருளைவிட அவன் விரல்களைக் கவனியுங்கள். சொரசொரப்பை அறிய விரல் தேய்க்க வேண்டும். மென்மையை அறிய அமுக்க வேண்டும். கனம் தெரியக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், வடிவம் தெரிய ஓரத்தைச் சுற்றித் தடவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் பலர் சும்மா இறுக்கிப் பிடித்துவிட்டு "தெரியலை" என்பார்கள். உங்கள் கையால் செய்து காட்டுங்கள், அவன் விரலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஸ்டீல் டம்ளரையும் பேரிக்காயையும் ஒரே தட்டில் வைத்தால் "தப்பு" என்று மாற்றிவிடாதீர்கள். "ஏன் கண்ணு?" என்று கேளுங்கள். "ரெண்டும் சில்லுன்னு இருக்கு" என்பான். அதுவும் வகை பிரித்தல்தான். அதே அறையில் இருக்கும் மரக்கரண்டியைத் தொடச் சொல்லுங்கள். உலோகம் கைச்சூட்டை வேகமாக இழுப்பதால் டம்ளர்தான் அதிகம் சில்லிடும்.

பட்டாணி, பீன்ஸ் விதை, காப்பிக்கொட்டை இப்போது வேண்டாம். மூக்குக்குள் போனால் விதை ஈரத்தில் ஊதிவிடும், தொண்டையில் போனால் மூச்சடைக்கும். அவன் உள்ளங்கைக்குள் மறையாத அளவுப் பொருளாக எடுங்கள். மருந்தடித்த காட்டிலிருந்து எதையும் பொறுக்க வேண்டாம். வேலியோரம் தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி இருக்கும், இலைகளை நீங்களே பறித்துக் கொடுங்கள்.

பிசுபிசுப்பு பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள், ஒரு குச்சியால் தொடட்டும். சட்டை போட, தலை சீவ, சோறு பிசையக்கூட எந்நேரமும் அழுகிறான் என்றால் மட்டும், அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் பள்ளி சிறார் மருத்துவக் குழுவிடம் சொல்லிப் பாருங்கள்.