பழைய றலி வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய சைக்கிள்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கரவெட்டி வாசகர்: அண்ணை, எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பத்தியில் கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பி இழுக்கிற பிரேக்) றலிச் சைக்கிள் ஒன்று நிற்கிறது. மூன்று கியர். அப்பு ஓடினது, இங்கிலாந்துச் சாமான், 1940களில் வந்தது என்று சொல்லி நல்ல விலை கேட்கிறார்கள். உண்மையோ என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதையெதைப் பார்த்து வாங்கவேண்டும்?

தம்பி, விலைக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு பழந்துணியும் டோர்ச்சும் கொண்டு போங்கள். முதல் வேலை பின்சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பைத் துடைப்பது. ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் அதன் உடம்பிலேயே ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். 'ஏடபிள்யூ' என்ற ஹப் வகையின் எழுத்துக்குப் பக்கத்தில் 54, 8 என்று கண்டால் அது 1954 ஆகஸ்ட் மாதத்து ஹப், அப்பு 40களில் வாங்கினார் என்பது கதை. ஏடபிள்யூ வந்ததே 1936இல்தான், ஆகவே அதற்கு முந்தியது என்று யாரும் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வாருங்கள். சில்லு பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால் ஹப் சொல்வதையே முடிந்த முடிவாக எடுக்கவேண்டாம், ஆனால் பிரேம் இலக்கத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்கிறவர்களைவிட ஹப் நம்பத்தகுந்தது.

அடுத்தது, இங்கிலாந்தா இந்தியாவா என்பது. கழுத்தில் இருக்கிற, றலியின் அடையாளமான நாரைத்தலை பட்ஜை வடிவாகப் பாருங்கள். றலியின் இங்கிலாந்து ஊரான நொட்டிங்ஹாம் பெயர் இருந்தால் நல்லது. மேற்கு வங்காளத்து அசன்சோலில் சென் றலி கொம்பனி றலி, ஹம்பர், றட்ஜ் மூன்றையும் செய்தது. சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தார்கள். அவற்றில் இந்தியா என்று எழுதியிருக்கும். இந்தியச் சாமான் என்றால் கூடாது என்று நான் சொல்லவரவில்லை, ஓடுவதற்கு நல்ல சைக்கிள்கள்தான், ஆனால் இங்கிலாந்து விலை கொடுக்கவேண்டியதில்லை. பட்ஜைக் கழற்றி வேறு பிரேமில் பூட்டுவது பெரிய வித்தையும் இல்லை, அதனால் பெடல் பக்கம் உள்ள பெரிய பற்சக்கரத்தையும் பாருங்கள். றலியில் நாரைத் தலைகள் வெட்டியிருக்கும், ஹம்பரில் கைகோத்த சின்ன மனிதர்கள், றட்ஜில் ஒரு கை, பிஎஸ்ஏயில் அந்த மூன்று எழுத்துகள். பட்ஜ் ஒன்றும் சக்கரம் வேறொன்றும் சொன்னால் கலப்பு.

கலப்பு என்றவுடன் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 1970இலிருந்து 77 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த நாடு இது, அதற்குப் பிறகு 1990இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. கிடைத்ததை வைத்து ஓடினால்தான் ஓட்டம் என்றிருந்த ஊரில் முழுக்க முழுக்க ஒரே சைக்கிளின் உறுப்புகளோடு ஒன்று நிற்குமென்றால் அது ஓடாமலே நின்ற சைக்கிளாக இருக்கவேண்டும். பிரேம், முன்சில்லைப் பிடிக்கிற போக், ஹாண்டில், பற்சக்கரம் நாலும் ஒரே கொம்பனி என்றால் எனக்குப் போதும்.

இனி உடம்பு. சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்துக் குழாயையும் சீற் குழாயையும் ஒரே கோட்டில் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவேண்டும். பிறகு கழுத்துக்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயின்ற் சுருங்கி ஒரு சின்ன அலைபோல விரலில் தட்டுப்பட்டால் முன்பக்கமாக எதிலோ மோதிய சைக்கிள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சீற் தண்டும் ஹாண்டில் தண்டும் அசைகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிய சீற் தண்டை எடுப்பது சில வேளை பிரேமையே கொன்றுவிடும். கடைசியாகச் சைக்கிளைத் தூக்கிப் பெடல் அச்சுக்குக் கீழே தட்டுங்கள், உள்ளே துருச்செதில் கலகலவென்று விழுகிற சத்தம் கேட்டால் மழைத்தண்ணீர் பல மாரி அங்கே தங்கியிருக்கிறது.

ரயர், ரியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் போயிருந்தால் கவலைப்படவேண்டாம், விலை குறைக்கச் சொல்லிக் காட்டுவதற்கு அவை நல்ல சாட்டு. வாங்கும்போது பிரேம் இலக்கத்தைக் குறித்து விற்பவரிடம் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். நகரசபை, கிராமசபை கொடுத்த பழைய லைசன்ஸ் தகடு தொங்கினால் அதைக் கழற்ற விடாதீர்கள்.

இணுவில் வாசகி: அப்பப்பாவின் ஹம்பர் எங்களிடம் இருக்கிறது. கறுப்புப் பெயின்ற் மங்கி, தங்கக்கோடு பாதி அழிந்து, மட்காட்டில் துரு. தம்பி அதைச் சுரண்டிப் புதுப்பெயின்ற் அடித்து, கோடு போட்டு, கல்யாண வீட்டுக்குப் படமெடுக்க நிறுத்தவேண்டும் என்கிறான். பின்னால் சண்டைக்காலத்தில் ஒட்டின பெரிய இரும்புக் கரியரையும் வெட்டி எறியப்போகிறானாம். என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் தம்பியை நாலு நாளைக்கு அந்தச் சைக்கிளுக்குக் கிட்டப் போகவிடாதீர்கள். பெயின்ற் ஒரு தரம் சுரண்டினால் முடிந்தது. அந்தத் தங்கக்கோட்டைக் கையால் தூரிகை பிடித்து இழுத்தவர்கள் இன்றைக்கு இல்லை. கடைக்காரர் ஒட்டுகிற ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது. ஓட்டம் ஒழுங்காக இருக்கவேண்டும், தோல் இருந்தபடி இருக்கவேண்டும், இவ்வளவுதான் என் கட்சி. பொறியைக் கழற்றிக் கிறீஸ் போடுங்கள், போல்ஸ் (உள்ளே உருளுகிற இரும்புக் குண்டுகள்) மாற்றுங்கள், ரயர் புதிதாகப் போடுங்கள், பெயின்றை மட்டும் விடுங்கள்.

கழுவுவதென்றால் குழாய் பிடித்து அடிக்கவேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப், மெல்லிய பருத்தித் துணி, ஒரு சாண் ஒரு சாணாக. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் மூன்றும் செயினுக்கும் ஹப்புக்கும் சரி, பிரேமில் எழுத்தும் கோடும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பழைய எழுத்துகள் வார்னிஷோடு சேர்ந்து துணியில் வந்துவிடும். துருப்பிடித்த பெயின்றுக்கு மெல்லிய எண்ணெயில் நனைத்த துணியை ஒட்டி ஓரிரவு விட்டுவிட்டு அடுத்த நாள் துடையுங்கள், திரும்பவும் அப்படியே, அவசரமில்லை. கம்பி பிரஷும் சாண்ட்பேப்பரும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். காய்ந்தபிறகு கார் மெழுகு மெல்லியதாக.

குரோமுக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து ஹாண்டிலில் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது, துருவை மட்டும் கறுப்புச் சேறாக எடுத்துவிடும். துடைத்துப் பார்த்தால் துரு தின்ற புள்ளிகள் தெரியத்தான் செய்யும், தெரியட்டும்.

கரியர் விஷயத்தில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருப்பதுதான் அவர்களுக்கு அசல். எனக்கு அப்படியில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் விறகு, நெல்லு மூட்டை, நோயாளி, சில வேளை பிரேதம்கூட அந்தக் கரியரில்தான் போனது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது வீட்டையே கட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்சில்லோடு டைனமோ இருந்தால் அதையும் பாருங்கள், பக்கத்தில் மேலதிகமாக ஒரு வயர்த்துண்டு தொங்கினால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட வீடு அது. உங்கள் அப்பப்பா ஒட்டுவித்த இரும்பு ஹம்பர் கொம்பனி பூட்டின எந்த ஆணிக்கும் குறைந்ததில்லை. படமெடுக்கத்தான் வேண்டுமென்றால் அப்படியே எடுங்கள், ஹம்பருக்கே உரிய அந்த இரட்டைக் குழாய் முன்போக் படத்தில் நன்றாக விழும்.

சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் வாசகர்: பழைய றலி ஒன்றுக்கு பெடல் அச்சுக் கப் (அச்சின் போல்ஸ் ஓடுகிற கிண்ணம்) மாற்றவேண்டி வந்தது. கடையில் உள்ள எந்தக் கப்பும் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறுதில்லை. பிரேம் கெட்டுப்போய்விட்டதா?

பிரேம் நன்றாக இருக்கிறது, நீங்கள் இதற்குமேல் இறுக்கினால்தான் கெடும். வழமையான கப்புக்கு அங்குலத்துக்கு 24 புரி. றலி தன்னுடைய சைக்கிள்களுக்கு 26 புரி வைத்தது, கழுத்துக் கப்புக்கும் அப்படித்தான். ஆகவே பழைய கப்பை எறியாதீர்கள், பெரும்பாலும் அது தேய்ந்திருப்பதைவிடப் போல்ஸ் தேய்ந்திருப்பதுதான் கூட. ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலப் போல்ஸ் பதினொன்று புதிதாகப் போட்டுக் கிறீஸ் வைத்துப் பாருங்கள்.

பெடல் பிடிக்கிற கிராங்கை அச்சோடு இறுக்குகிற கொட்டர் பின் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நட்டைக் கழற்றி எடுத்துவிட்டு அடித்தால் புரி நசிந்து பின் அங்கேயே இருந்துவிடும். நட்டு முனையோடு மட்டமாக நிற்கிற அளவுக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் நிலத்திலிருந்து ஓர் இரும்புக் குழாயை முண்டு கொடுத்து, ஒரே அடி, பலமாக. முண்டு இல்லாமல் சின்னச் சின்னதாகத் தட்டினால் அத்தனை அடியும் போல்ஸுக்கும் கப்புக்கும்தான் போகும். பூட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டொக்' என்று பெடலில் தட்டினால் பின் தளர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளருக்கும் சொல்லிவைக்கலாம்.

வேலணை வாசகர்: கடற்காற்றுப் பட்ட இடம். வாங்கிய பி.எஸ்.ஏ.யை எப்படி வைத்துக் காப்பாற்றுவது? தோல் சீற்றுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா?

சீற்றுக்கு வேண்டாம். புறூக்ஸ் போன்ற தோல் சீற் இழுத்துக் கட்டின மேளத்தோல் மாதிரி, எண்ணெய் ஊறினால் தொய்ந்து நடுவில் பள்ளம் விழும், பிறகு மூக்குப் பக்க நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. தேன்மெழுகு கலந்த தோல் களிம்பு கொஞ்சமாக, மேற்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில் கூட. காய்ந்து வெடித்த சீற் என்றால் களிம்பு ஊறும்வரை அதில் ஏறி இருக்கவேண்டாம், ஆணி இருக்கிற இடத்தில் கிழிந்துவிடும்.

உப்புக்காற்றுக்கு வழி, ஓடிவந்தவுடன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு காய்ந்த துணி, கம்பிகளுக்கும் நட்டுகளுக்கும் எண்ணெய்த் துணி. பிளாஸ்ரிக் விரிப்பால் மூடாதீர்கள், ஈரம் உள்ளுக்குள் நின்று வேலை செய்யும். காற்றோட்டமான பத்தியில் பழைய சேலை போட்டு மூடினால் போதும். கம்பி பிரேக்கில் கட்டை றிம்மின் உட்பக்கத்தில் அல்லவா பிடிக்கிறது, அங்கே துரு இருந்தால் கட்டையைத் தின்றுவிடும், மாதத்துக்கு ஒரு தரம் விரலை விட்டுப் பாருங்கள்.

கோப்பாய் வாசகர்: மூன்று கியர் ஹப் மிதிக்கும்போது திடீரென்று வெறுமையாகச் சுற்றுகிறது. நேற்று சைக்கிள் பாரில் விழுந்து நல்ல அடி. ஹப் முடிந்துவிட்டதா?

பட்ட அடிக்கு அனுதாபம், ஆனால் பெரும்பாலும் ஹப்பில் பிழை இராது. ஏடபிள்யூவில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத ஓர் இடம் உண்டு, கேபிள் சரியான இழுவையில் இல்லாவிட்டால் அங்கே போய் நிற்கும். கியரை இரண்டில் வையுங்கள். வலப்பக்கத்து அச்சு நட்டில் ஒரு துவாரம் இருக்கும், அதற்குள்ளால் பார்த்தால் சின்னச் சங்கிலி போய்ச் சேர்கிற கம்பியின் தோள் தெரியும். அந்தத் தோள் அச்சின் முனையோடு மட்டமாக நிற்கும்வரை கேபிளின் திருகைச் சரிசெய்யுங்கள். அப்படியும் வழுக்கினால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், எண்ணெய் மூடியால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி வடியவிட்டு, மெல்லிய என்ஜின் ஒயில் சில துளி விடுங்கள். எண்ணெய் மூடித் துவாரத்தால் கிறீஸ் போடுகிற பழக்கத்தை விடவேண்டும். முன்சில்லில் டைனஹப் (ஹப்புக்குள்ளேயே இருக்கிற டைனமோ) இருந்தால் அதை மட்டும் சும்மா கழற்றிப் பார்க்கவேண்டாம், காந்தத்தைச் சுருளிலிருந்து பிரித்தால் அதன் சக்தி குறைந்து வெளிச்சம் மங்கிவிடும்.

கொக்குவில் வாசகர்: 28 என்று எழுதின ரயர் வாங்கினேன், றிம்மில் ஏறுதில்லை, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டாராம்.

28 என்று எழுதினதெல்லாம் ஒன்றல்ல. கம்பி பிரேக் சைக்கிளுக்கு வேண்டியது 28 பெருக்கல் ஒன்றரை, ரயரின் பக்கத்தில் 635 என்ற இலக்கம் இருக்கவேண்டும். உங்களுக்குத் தந்தது 622ஆக இருக்கும், அது புதுச் சைக்கிள்களுக்கு. ஏறாததை நெம்பி ஏற்ற வெளிக்கிட்டால் ரயர் கம்பியும் போகும், றிம்மும் நெளியும். 635 இந்தியாவில் இன்றைக்கும் செய்கிறார்கள், பழைய கறுப்புச் சைக்கிள்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். காசைத் திருப்பித் தராவிட்டாலும் மாற்றியாவது தரச் சொல்லி ஒருக்கால் கதைத்துப் பாருங்கள், ரயர் இன்னும் பாவிக்காததுதானே.