34-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள்

கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் பாடல் நடத்தலாம், ஞாயிறு பள்ளி எடுக்கலாம். பிரசங்க மேடையும் சபையை நடத்தும் மூப்பர் குழுவும் ஆண்களுக்கு மட்டுமே. இதைப் பற்றிப் பேச வேதபாட வகுப்பில் எனக்கு 4 வாரம் கொடுத்திருக்கிறார்கள். ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ (1 கொரிந்தியர் 14:34) என்பது பவுல் எழுதியதே இல்லை என்று கார்டன் ஃபீ என்ற அறிஞர் சொல்கிறாராமே? முதல் நாளே அதை எடுத்துவைத்தால் விவாதம் முடிந்துவிடும் அல்லவா?

பதில்: விவாதம் முடியாது சகோதரி, வகுப்புதான் முடிந்துபோகும். “வேதத்திலிருந்து வசனத்தையே வெட்டப் பார்க்கிறாயா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால், மீதி 3 வாரமும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபீ பெந்தெகொஸ்தே ஊழியர். வேதத்தின் பழைய கைப்பிரதிகளை ஒப்பிடும் ஆய்வில் ஊறியவர். 1 கொரிந்தியருக்கு அவர் எழுதி 1987-ல் வந்த விளக்கவுரையில்தான் இந்த வாதம் இருக்கிறது. சில கிரேக்க-லத்தீன் பிரதிகளில் 14:34-35 வசனங்கள் 40-ஆம் வசனத்துக்குப் பின்னால் வருகின்றன. ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பை, பின்னால் பிரதி எடுத்தவர்கள் ஆளுக்கோர் இடத்தில் உள்ளே சேர்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. இதற்கு மறுப்பும் வலுவாகவே இருக்கிறது: இந்த வசனங்களே இல்லாத பிரதி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஊழியத்தில் ஆண்-பெண் சமத்துவத்தை ஆதரிக்கும் அறிஞர்களிலேயே பலர் ஃபீயோடு இந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. அப்படிப்பட்ட வாதத்தை அஸ்திவாரமாக வைக்கக் கூடாது.

முதல் வாரம் ரோமர் 16-ஐ எடுங்கள். யாருக்கும் சண்டை போடத் தோன்றாத அதிகாரம் அது. வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று எல்லோரும் தாண்டிப் போவதுதான். தலைப்புகளை நீக்கிவிட்டு அச்சிட்டுக் கொடுங்கள். பெண்களின் பெயர் வரும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். பெபேயாளோடு சேர்த்து, பெயர் சொல்லாமல் குறிப்பிடப்படும் ரூப்பின் தாயையும் நேரேயின் சகோதரியையும் எண்ணினால், 10 பேர் வருவார்கள். அடுத்து ‘பிரயாசப்படுதல்’ என்ற சொல் எந்த வடிவத்தில் வந்தாலும் தேடச் சொல்லுங்கள். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நான்கு பெண்களுக்கும் அது வருகிறது. ஆண் ஒருவருக்கும் வரவில்லை. அப்படியே 1 கொரிந்தியர் 15:10-ஐத் திருப்புங்கள். தன் அப்போஸ்தல ஊழியத்தைப் பற்றிப் பவுல் சொல்வதும் ‘பிரயாசப்பட்டேன்’ என்றுதான். கிரேக்கத்திலும் அதே வினைச்சொல்தான். பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்னும் 1-ஆம் வசனத்துக்கும், ‘ஊழியக்காரனானேன்’ என்று பவுல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் எபேசியர் 3:7-க்கும் மூலத்தில் ஒரே சொல்தான். இதை நீங்கள் விளக்கவே வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாசிக்க வைத்தால் போதும்.

இரண்டாம் வாரம் 1 கொரிந்தியர் 14 முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். 34-ஐ மட்டும் பிடுங்கி எடுப்பதால்தான் குழப்பம். பேசாமலிருக்கும்படி அந்த அதிகாரம் மூன்று பேருக்குச் சொல்கிறது: அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது அந்நிய பாஷை பேசுகிறவனுக்கு (28), இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசிக்கொண்டிருப்பவனுக்கு (30), பிறகு பெண்களுக்கு (34). மூன்றுக்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். முதல் இருவரையும் யாரும் ஆயுளுக்கும் வாய்மூடச் சொல்வதில்லை. போதாததற்கு 11:5-ல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடைமுறையாகவே எடுத்துக்கொண்டுதான் பவுல் பேசுகிறார். ஃபீயின் கைப்பிரதி வாதத்தைச் சொல்வதானால் இதற்கெல்லாம் பிறகு, ‘இப்படியும் ஒரு கருத்து உண்டு’ என்ற அளவில், மறுப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம் 1 தீமோத்தேயு 2:12 வந்தே தீரும், தவிர்க்காதீர்கள். அங்கே ‘அதிகாரஞ்செலுத்த’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை, அதனால் அகராதி மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. எபேசு சபையில் பரவிய தப்பான போதகத்துக்கு எதிரான நிருபமாகவே ஃபீ இதை வாசிக்கிறார். 5:11-15-ல் வரும் இளம் விதவைகளோடு சேர்த்துப் பார்க்கிறார். ஆண்களே நடத்த வேண்டும் என்னும் தரப்பு 2:13-ல் ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டதைக் காட்டும். அது நியாயமான கேள்வி. அந்தத் தரப்பை நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒருவரையே பேச அழையுங்கள். நீங்களே இரண்டு பக்கமும் பேசினால் நம்பமாட்டார்கள்.

ஃபீ எழுதியதில் உங்களுக்கு அதிகம் கைகொடுப்பது வரங்களைப் பற்றியதுதான். பதவிக்கு ஆள் தேடுவதல்ல முதல் வேலை, ஆவியானவர் யாருக்கு என்ன வரம் கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பதே என்பார். அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தாளும் வேண்டும். முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் வேதம் வாசித்தவர், ஜெபித்தவர், காணிக்கை எடுத்தவர், பிரசங்கித்தவர், கணக்கு எழுதியவர், பாத்திரம் கழுவியவர் யார் யார் என்று குறித்துவையுங்கள். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்பது மட்டும் போதும். பெயர் போட்டால் பேச்சு ஆட்களைப் பற்றியதாகிவிடும்.

இன்னொன்று: வகுப்பு தொடங்குமுன் சபையின் எழுத்து வடிவ விதிமுறையை வாங்கிப் படியுங்கள். மூப்பர் ஆணாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு பெரும்பான்மை என்பதும் அதிலேயே இருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் தடுப்பது வழக்கம் மட்டும்தான். அப்போது அடுத்த தேர்தலுக்கு ஒரு பெண்ணின் பெயரை முன்மொழியலாம், ஆனால் அவரிடம் முதலில் கேட்டுவிட்டு.