புது மானிட்டர் மாட்டியதிலிருந்து கணினியில் சத்தமே வரவில்லை, என்ன செய்வது?

டிரைவரை, அதாவது ஒலிக் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, நீக்கி மறுபடி போட்டும் சரியாகவில்லை, அடுத்து விண்டோஸையே புதிதாகப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று முதலில் பாருங்கள், அது தெரியாமல் எதை மாற்றினாலும் நேரம்தான் வீணாகும்.

ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டே, விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் கீழே இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். சின்ன பெட்டி ஒன்று வரும். அதில் பிளேபேக் பட்டியலில் ஒவ்வொரு கருவியின் பெயருக்கும் வலப்பக்கம் சில கோடுகள் இருக்கும், சத்தம் போகும்போது அவை பச்சையாக ஏறி இறங்கும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பச்சைக் கோட்டின் மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் கணினியிலிருந்து சத்தம் புறப்படுகிறதா, புறப்பட்டால் எந்தப் பக்கம் போகிறது என்பது இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு அது மானிட்டரின் பெயருக்குப் பக்கத்தில்தான் ஆடும் என்று நினைக்கிறேன். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டுமே படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும் கேபிள்கள். அதனால் மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதையும் ஒரு ஒலிக் கருவியாக எடுத்துக்கொண்டு, சில சமயம் நம்மைக் கேட்காமலே அதற்கு மாறிவிடும். மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒன்றும் கேட்காது, டிரைவரை எத்தனை முறை போட்டாலும் கேட்காது. பட்டியலில் 'ஸ்பீக்கர்ஸ்' என்ற வரியைத் தேர்ந்து 'செட் டிஃபால்ட்' அழுத்துங்கள். அந்த வரியே இல்லையா? காலி இடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கப்பட்ட கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். மறுபடி மாறிக்கொண்டே இருந்தால் மானிட்டர் வரியை அங்கேயே டிசேபிள் செய்துவிடலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது.

சரி, கோடு ஸ்பீக்கர் வரியில்தான் ஆடுகிறது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் கணினி தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு பெரும்பாலும் வயரிலோ ஸ்பீக்கரிலோதான். மானிட்டர் மாட்டும்போது கணினிப் பெட்டியை நகர்த்தியிருப்பீர்கள், பின்பக்கம் ஸ்பீக்கர் வயரின் முனை கழன்றிருக்கலாம், அல்லது வேறு துளைக்கு மாறியிருக்கலாம். துளைகளுக்கு நிறம் இருந்தால் பச்சைதான் ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. ஹெட்போன் ஒன்றை அதே பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். அதில் கேட்டால் ஸ்பீக்கரின் மின்சாரம், வால்யூம் திருகு, வயர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வரியிலும் கோடு ஆடவில்லையென்றால் பிரவுசர் டேபை மியூட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள், வால்யூம் மிக்சரில் அந்த ஒரு செயலி மட்டும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் விண்டோஸ் பின்னணியில் ஓடவிடும் வேலைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கும் அசையவில்லை, அல்லது பட்டியலே காலியாக இருக்கிறது என்றால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். அப்போதும் டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் எதையும் இறக்காதீர்கள். உங்கள் மதர்போர்டு (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) அல்லது லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, அங்கே இருக்கும் ஆடியோ டிரைவரைப் போடுங்கள். பட்டியல் அதற்குப் பிறகும் காலியாகவே இருந்தால் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில், ஆன்போர்டு ஆடியோ (மதர்போர்டிலேயே இருக்கும் ஒலி வசதி) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம்.